பழமைக்கு மெருகு

பொதிகை மலையிற் பிறந்து, புன்னைக்காயலுக்கு அருகே கடலிற் கலப்பது தாமிரபரணி. அவ்வாறு பாயும் நாட்டுக்கு வயல் நெல்லைத் தந்தது. மலை நல்ல மரத்தைத் தந்தது. தேக்கும் ஈட்டியும் அறிந்து ஆளவல்ல தச்சர்கள் ஆற்றங்கரை ஊர்களில் வாழ்ந்தனர். திருப்புடைமருதூர்க் கோயிலின் கோபுரத்தினுள் ஏறிச் செல்வோர், அங்குள்ள மரத்தூண்களையும் மரச்சிற்பங்களையும் கண்டு வியப்பர். கல்லைப் போலவே மரமும் காலத்தை வெல்லும். பேணுவார் இருந்தால் வெல்லும்.

உணவு மேசை நம் நாட்டு வீடுகளுக்குப் பிற்காலத்தில் வந்த பொருள். தரையில் அமர்ந்து வாழையிலையில் உண்பதே பழைய வழக்கம். 'மேசை' என்னும் சொல் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தது. 'நாற்காலி' என்பதோ, நான்கு கால்களை உடையது என்னும் பொருளில் தமிழில் அமைந்த சொல். பெயர் கடல் கடந்து வந்ததாயினும், பொருளைச் செய்தது உள்ளூர்த் தச்சரின் கையே. பாட்டன் செய்வித்த தேக்கு மேசையும், பிரம்பு பின்னிய நாற்காலிகளும் நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் உள்ளன.

ஆயினும், நாள்தோறும் புழங்கும் பொருள் தேயாமல் இருக்குமோ? சூடான பாத்திரத்தை வைத்த இடத்தில் வெண்ணிற வட்டம் விழுகிறது. குழம்பும் எண்ணெயும் படிந்து பலகை கறுக்கிறது. நாற்காலியின் மூட்டுகள் தளர்ந்து ஆடுகின்றன. பிரம்பு அறுந்து தொங்குகிறது. அந்நிலையில் வீட்டார் இரண்டில் ஒன்றைச் செய்ய எண்ணுவர். பழைய சாமான் கடைக்கு அதனைத் தள்ளிவிடலாம். அல்லது வண்ணம் பூசிக் குறையை மறைத்துவிடலாம். முன்னது பொருளை இழப்பது. பின்னது அழுக்கின்மேல் ஆடை உடுத்துவது. இவ்விரண்டினும் சிறந்த வழி ஒன்று உண்டு. அதுவே பழுதை நீக்கிப் பழமைக்கு மெருகேற்றுவது.

கைதேர்ந்த தச்சர் வந்தவுடன் உளியை எடுப்பதில்லை. முதலில் மேசையைக் கவிழ்த்து, ஒளியில் வைத்து, ஒவ்வொரு மூட்டையும் அசைத்துப் பார்ப்பார். பிறகு, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைத் தேய்ப்பார். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு. இளகாவிட்டால் வேறு வார்னிஷ் அல்லது வண்ணம். நோயை அறிந்த பின்னரே மருந்தை நாடும் மருத்துவரைப் போன்றவர் அவர்.

அரக்கு என்பது யாது? சில மரங்களின் இளங்கிளைகளில் கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. அதனை உருக்கித் தூய்மை செய்து, அவல் போன்ற மெல்லிய தகடுகளாக்குவர். ஆதலின் அதற்கு அவலரக்கு என்பது பெயர். அரக்கின் இயல்பை ஆராய, ராஞ்சிக்கு அருகே 1924ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுநிலையம் அமைக்கப்பெற்றது. தாமிரபரணிக் கரையிலும் அரக்குக்குப் பழைய உறவு உண்டு. அம்பாசமுத்திரத்துக் கடைசற் பட்டறைகளில் சிறுவர் விளையாடும் மரச் சொப்புகளைச் செய்வர். சுழலும் மரத்தில் வண்ண அரக்கை அழுத்தினால், உராயும் வெப்பத்தில் அரக்கு உருகிப் படிகிறது. சொப்புக்கு ஒளி தரும் அப்பொருளே, ஸ்பிரிட்டில் கரைக்கப்பட்டு மேசைக்கு மெருகாகிறது.

இனி வேலை முறையைக் காண்போம். முதலில் தளர்ந்த மூட்டுகளைக் கழற்ற வேண்டும். பழைய தச்சர்கள் கழுந்தைத் துளையிற் பொருத்தி, விலங்கின் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையால் ஒட்டினர். அப்பசை வெந்நீரின் சூட்டிலும் ஈரத்திலும் இளகும், மரம் பிளவுபடாது. பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை இட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி உலரவிடுவர். பின்னர்ப் பழைய பூச்சை ஸ்பிரிட்டால் இளக்கித் துடைப்பர். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் ஆதலின், அடுப்போ விளக்கோ அருகில் இருத்தல் ஆகாது. அடுத்து, மரத்தின் வரியோட்டத்தை ஒட்டி உப்புத்தாளால் தேய்ப்பர். வரிக்குக் குறுக்கே தேய்த்தால் விழும் கீறல், மெருகேறிய பின் முன்னிலும் தெளிவாகத் தெரியும்.

இங்கேதான் தச்சரின் அறிவுக்குச் சோதனை. எவ்வளவு தேய்ப்பது? எங்கே நிறுத்துவது? கறையெல்லாம் போகும்வரை தேய்த்தால், மரமும் உடன் தேய்ந்துபோகும். ஆண்டு பல கடந்து மரத்தில் ஊறிய செந்நிறமும் மறையும். மேசையின் ஓரத்தில், எப்போதோ ஒரு சிறுவன் கவராயத்தின் முனையால் கீறிய கோடு ஒன்று இருக்கலாம். அதனால் மேசைக்குக் கேடு இல்லை. வீட்டார்க்கோ அது ஒரு நினைவு. "இது இருக்கட்டும், ஆசாரி" என்று வீட்டிலுள்ள முதியவர் சொல்வார். ஆசாரியும் அவ்விடத்தைத் தொடாமல் செல்வார். அழுக்கு வேறு, அடையாளம் வேறு. ஒன்றை நீக்குவதும் மற்றொன்றைக் காப்பதும் ஒரே கையின் கடமைகள்.

மெருகிடுதல் பொறுமைக்குரிய வேலை. பஞ்சைத் துணியிற் பொதிந்து, அரக்குக் கரைசலில் நனைத்து, ஓர் எண்ணெய்த் துளியும் தொட்டு, வட்டம் வட்டமாகத் தடவுவர். ஒருமுறை தடிப்பாகப் பூசுவதால் ஒளி வாராது. மெல்லிதாகப் பலமுறை பூசி, ஒவ்வொன்றையும் உலரவிடுவதால் வரும். ஐப்பசி கார்த்திகை மழைநாட்களில் காற்றின் ஈரத்தால் மெருகு வெண்மை பூக்கும். ஆதலின் வறண்ட நாட்களே ஏற்றவை. புதிய பூச்சு பழைய பூச்சைச் சிறிது கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுவதே அரக்கின் தனிச்சிறப்பு. எனினும் சூட்டுக்கு அது ஆற்றாது. சூடான பாத்திரத்தின் அடியில் ஒரு பிரிமணை வைத்தால், மெருகு நெடுநாள் நிற்கும்.

சிந்தித்துப் பார்ப்பின், ஓர் உண்மை புலனாகும். இளகும் பசையும், கரையும் அரக்கும், கழலும் மூட்டும் செய்தவருடைய குறைகள் அல்ல. தமக்குப் பின் வரும் தச்சர் பழுது பார்ப்பதற்கு அவை வழி திறந்து வைத்தன. ஒருமுறை முறிந்தால் எறிவதைத் தவிர வேறு வழியில்லாத பொருள்கள் மலிந்த இக்காலத்தில், அப்பழைய முறையின் அருமை நன்கு விளங்குகிறது.

மரத்தின் அருமையும் இன்று பெருகியுள்ளது. தேக்கு முதிர்ந்து நல்ல பலகை தருவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். முண்டந்துறைக் காடு 1962ஆம் ஆண்டிலும், களக்காட்டுக் காடு 1976ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாயின. 1988ஆம் ஆண்டில் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகம் ஆயின. தாமிரபரணியின் ஊற்றுக்கண்ணைக் காப்பது அம்மலைக் காடே. காடு காக்கப்பட வேண்டுமாயின், காட்டிலிருந்து முன்னரே வந்துவிட்ட மரமும் காக்கப்பட வேண்டும் அன்றோ?

பழைய மேசை ஒன்றைப் புதுக்குவோர் பணத்தை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை. மலையில் நிற்கும் ஒரு மரத்துக்கு வாழ்வு தருகின்றனர். அம்மேசையைச் செய்த கைக்கு மதிப்புத் தருகின்றனர். புதியது வாங்கப் பொருள் போதும். பழையது பேண அன்பும் பொறுமையும் வேண்டும்.