கரைக்கு இறங்கும் வழி

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த அந்தப் பெரியவர் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகுதான். அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்வார். கோலார் தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவர் இறங்கிய சுரங்கத்தின் ஆழமோ 3 கிலோமீட்டருக்கும் அதிகம். "கடலுக்கும் கீழே ரெண்டு கிலோமீட்டர் போய் வந்தவன் நான். ஆனா கடல்ல கால் நனைக்க ஐம்பத்தெட்டு வயசு ஆச்சு."

பேரனுக்கு அந்தத் தாமதம் இல்லை. மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் அவனும் ஒருவன். சென்ற வருடம் நண்பர்களோடு ராமேஸ்வரம் போய் கைட் போர்டிங் கற்றுக்கொண்டு வந்தான். பெரிய பட்டம் ஒன்று காற்றில் இழுக்க, காலில் பலகையை மாட்டிக்கொண்டு தண்ணீர் மேல் வழுக்கிப் போகும் விளையாட்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. பட்டத்தில் அவன் பறப்பதை செல்போனில் பார்த்த தாத்தா, பயமாக இல்லையா என்று கேட்கவில்லை. "அந்தக் கரை யாருதுடா?" என்று கேட்டார்.

பேரனுக்குக் கேள்வி புரியவில்லை. கரை கரைதானே.

பெரியவரின் கேள்விக்கு வயது எழுபதுக்கு மேல். தங்கவயலுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் பேத்தமங்கலா ஏரி இருக்கிறது. பாலாற்றை மறித்த மிகப் பழைய ஏரி. கல்வெட்டுகளில் அந்த ஊருக்கு விஜயாதித்தமங்கலம் என்று பெயர். தங்கம் எடுக்க வந்த ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத்துக்கும் குடியிருப்புகளுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பெரியவரின் அப்பா அந்த நீரேற்று நிலையத்தில் கலாசி. பள்ளி விடுமுறைகளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் பையன், ஏரியில் வெள்ளைக்காரத் துரைகள் பாய்மரப் படகு விடுவதைக் கரைமேல் நின்று பார்ப்பான். பார்க்கத் தடை இல்லை, இறங்கத்தான் தடை. அப்படி எழுதிய பலகை எதுவும் அங்கே இருந்ததாக அவருக்கு நினைவில்லை. "எழுத வேண்டிய அவசியம் என்ன? எல்லாருக்கும் தெரியும்."

தங்கவயல் தமிழர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் வட ஆற்காடு. வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்து ஊர்கள். பலவும் பாலாற்றுப் பிரதேசம். ஆறு கீழ்நோக்கி ஓட, அந்த ஊர்க்காரர்கள் பிழைப்புக்காக மேல்நோக்கி வந்தார்கள். ஊரில் வறண்டு கிடந்த ஆற்றின் தண்ணீரை, சுரங்க லைன்களின் தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்தார்கள். அதே தண்ணீரில் ஞாயிற்றுக்கிழமை படகு விட்டது வேறு ஆட்கள். 1956-ல் சுரங்கங்கள் அரசு வசமான பிறகு படகில் ஏறியவர்களின் நிறம் மாறியது. கலாசி மகன் ஏறவில்லை.

இந்தக் கதையைப் பேரன் பலமுறை கேட்டிருக்கிறான். ஆனால் அது தன் விளையாட்டோடு எப்படிச் சேரும் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை. அவன் கட்சி வேறு: கடற்கரையில் கைட் போர்டிங்குக்குத் தனி எல்லை பிரித்துத் தர வேண்டும், மிதவை கட்டி அடையாளம் வைக்க வேண்டும், படகுகள் ஒரு பக்கம், குளிப்பவர்கள் ஒரு பக்கம், பட்டக்காரர்கள் ஒரு பக்கம். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டத்தின் கயிறுகள் 20 முதல் 25 மீட்டர் நீளம். கரையில் அவற்றை விரித்துப் பட்டத்தை எழுப்ப அகலமான வெற்றிடம் வேண்டும். காற்று திடீரென்று மாறினால் ஆளை இழுத்துப்போய் எதன்மீதாவது மோதும். இறுகிய கயிறு கத்திபோல் அறுக்கும். பல நாடுகளில் இதற்கென்று கரையிலிருந்து ஒரு தனிப் பாதை ஒதுக்குகிறார்கள். காற்று கரையைவிட்டுக் கடலுக்குள் வீசும் நேரத்தில் விவரம் தெரிந்த யாரும் இறங்குவதில்லை.

"அந்த வெற்றிடத்துல ஏற்கனவே வலை காயுதுன்னா?" என்றார் தாத்தா.

உண்மையான சிக்கல் அதில்தான் இருக்கிறது. பட்டத்துக்கு ஏற்ற கரையும் வள்ளம் ஏற்றி வைக்க ஏற்ற கரையும் பெரும்பாலும் ஒன்றே: மணல் அகலமாக, பாறை இல்லாமல், சரிவு குறைவாக. 1985-ல் சென்னை மெரினாவை அழகுபடுத்தப் படகுகளையும் வலைகளையும் அகற்றப் புறப்பட்டபோது மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். 2023-ல் நொச்சிக்குப்பம் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கிளம்பிய விவகாரமும் அதே கரையில்தான். அடுத்த வருடம் மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். இலங்கையின் கல்பிட்டி இன்று உலகப் பட்டக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். அங்கே 14 தீவுகளில் சுற்றுலாத் திட்டம் வந்தபோது, வழக்கமாகப் பாடு இழுத்த இடங்களுக்குப் போகும் வழி அடைபடுகிறது என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்தத் திட்டத்தைப் பட்டக்காரர்கள் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்தில் வேறொரு கண்டிப்பும் உண்டு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே யாருக்கும் விளையாட்டு இல்லை.

விதியே வேண்டாம் என்பதும் பதில் ஆகாது. 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய படகு கவிழ்ந்து 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்கள். பலருக்கு உயிர்காப்புச் சட்டை இல்லை. அந்தச் செய்தி வந்தபோது பெரியவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். கூண்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று சுரங்கத்தில் எண்ணி ஏற்றி இறக்கிய தலைமுறை அது. விதி எதற்கு என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை எழுதும்போது யாரைக் கேட்டு எழுதுகிறார்கள் என்பதுதான் அவர் விசாரணை.

2021 நவம்பர் மழையில் பேத்தமங்கலா ஏரி நிரம்பி வழிந்தது. தங்கவயலே திரண்டு போய்ப் பார்த்தது. ஏரி நிரம்பினால் படகு விடலாமே என்ற பேச்சும் கூடவே கிளம்பும். குடிநீருக்காகப் பயன்பட்ட ஏரியில் மோட்டார் படகு விட்டு எண்ணெய் கலப்பதா, துடுப்புப் படகு போதுமா, மீன் பிடிப்பவர்களுக்கு எந்தப் பக்கம், துணி துவைக்கும் பெண்களுக்கு எந்தப் படி - டிக்கெட் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையெல்லாம் பேசுவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, தாத்தாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு பேரன் ஏரிக்குப் போனான். தங்கவயலில் காற்று என்றாலே ஜன்னலைச் சாத்துவார்கள். சயனைடு மேட்டு மண் சோற்றில் விழும். இங்கே காற்று சுத்தமாக இருந்தது. பேரன் விரலை ஈரப்படுத்தி உயர்த்திப் பிடித்து, "பட்டம் ஏறும் தாத்தா, ஆனா கரையில மரம் ஜாஸ்தி" என்றான். பெரியவர் காதில் வாங்கவில்லை. அப்பாவோடு வந்த நாட்களில் இறங்காத கரைச் சரிவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேரனின் தோளைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார். கீழே துணி அலசிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வாளியை நகர்த்தி அவருக்கு வழி விட்டார்.