முகமும் முத்திரையும்

1979ஆம் ஆண்டு ஜூன் மாதம் போலந்து அஞ்சல்துறை, போப்பாண்டவரின் முகம் பொறித்த தபால் தலைகளை வெளியிட்டது. சற்று நின்று வாசிக்க வேண்டிய செய்தி இது. அன்றைய போலந்தை ஆண்டது கம்யூனிஸ்ட் கட்சி. மதத்தை மக்களின் மனத்திலிருந்து மெல்ல மெல்ல அகற்றுவதைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்ட அரசு, கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவரின் படத்தைத் தன் அச்சகத்தில் அச்சிட்டுத் தன் அஞ்சலகங்களில் விற்றது. அவற்றுள் ஒரு தலையில் அவருடன் கிராக்கோ நகரத் தேவாலயம் இருக்கிறது. மற்றொன்றில் ஆஷ்விட்ஸ் நினைவுச்சின்னம்.

தபால் தலை என்பது பார்வைக்குச் சிறு காகிதம். உள்ளபடி அது அரசின் குரல். யாரை நினைக்கலாம், எந்த அளவுக்கு நினைக்கலாம் என்பதை அரசு அதன்மூலம் அறிவிக்கிறது. தமிழில் நாம் அதற்குத் ‘தலை’ என்றே பெயரிட்டிருக்கிறோம். முடியரசர்களின் தலை அச்சான சீட்டுகளைக் கண்டு பிறந்த சொல் போலும். முடியரசு போன பின்னும் யாருடைய தலை என்ற கேள்வி போகவில்லை.

இக்கேள்வியை அரசுகள் எவ்வளவு நயமாகக் கடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1964 டிசம்பரில் போப் ஆறாம் பவுல், பம்பாயில் நடந்த நற்கருணை மாநாட்டுக்கு வந்தார். அவ்வருகையையொட்டி இந்திய அஞ்சல்துறை ஒரு தலை வெளியிட்டது. அதில் இருப்பவர் ஆறாம் பவுல் அல்லர், புனித தோமையார். இத்தாலியின் ஒர்த்தோனா பேராலயத்திலுள்ள தோமையாரின் உருவத்தை எடுத்து அச்சிட்டார்கள். வந்த விருந்தினருக்கும் மரியாதை, மயிலாப்பூரோடு மரபு பிணைத்த அப்போஸ்தலருக்கும் மரியாதை. வெளிநாட்டுச் சமயத் தலைவரின் முகத்தை அச்சிடும் சங்கடமும் இல்லை. இராஜதந்திரம் என்றால் இதுதான்.

போலந்துக்கு அந்த வழி இல்லை. 1978 அக்டோபர் 16 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாம் யோவான் பவுல் அந்த மண்ணின் மகன். (எங்கள் தலைமுறையின் கத்தோலிக்க நண்பர்கள் அவரை ‘இரண்டாம் அருள் சின்னப்பர்’ என்றார்கள். பின்னர் ‘யோவான் பவுல்’ வந்தது. செய்தித்தாள்களுக்கு அவர் எப்போதும் ‘ஜான் பால்’தான். ஒரே மனிதருக்குத் தமிழில் மூன்று பெயர்கள்!) அவர் மே மாதம் தாயகம் வர விரும்பினார். 1079இல் அரசன் போலெஸ்வாவ் கொன்ற ஆயர் ஸ்தனிஸ்வாவின் தொள்ளாயிரமாவது நினைவு மே மாதத்தில் வந்தது. அரசனை எதிர்த்து மடிந்த ஆயரின் விழாவில் போப்பாண்டவரா என்று ஆட்சியாளர்கள் தயங்கினார்கள், ஜூன் என்றார்கள். வரவே விடாதீர்கள் என்று பிரெஷ்னெவ் எச்சரித்ததாகக் கட்சித் தலைவர் கியெரெக் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் வந்தார். தொலைக்காட்சிக் காமிராக்கள் போப்பாண்டவரைக் காட்டின. அவருக்கு எதிரே திரண்டிருந்த பெருங்கூட்டத்தைக் காட்டாமலிருக்கப் பாடுபட்டன. அந்தத் தபால் தலைகளையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். ஆஷ்விட்ஸ் பின்னணி அரசுக்குச் சிக்கலில்லாதது. நாஜிகளின் கொடுமையை நினைவுகூர்வதில் அரசுக்கும் திருச்சபைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அனுமதிக்கப்பட்ட முகம், அனுமதிக்கப்பட்ட துயரம். சோவியத் அரசு கத்தீன் காட்டில் போலந்து அதிகாரிகளைக் கொன்ற துயரத்துக்கு அந்த அஞ்சல்துறையில் இடமில்லை.

அடுத்த ஆண்டு கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் வாயிற்கதவில் மாட்டிய படங்களுள் போப்பாண்டவரின் படமும் ஒன்று. ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கம் பிறந்தது. 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் வந்தது. சங்கத் தலைவர்கள் ஆயிரக்கணக்கில் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். கடிதங்கள் பிரிக்கப்பட்டுத் தணிக்கை முத்திரையுடன் போய்ச் சேர்ந்தன. உறையின் மேல் அரசின் தலை, பக்கத்திலேயே கடிதத்தைப் பிரித்துப் படித்தோம் என்ற அரசின் ஒப்புதல்.

அந்த முகாம்களில்தான் எனக்கு மிகவும் பிடித்த தபால் தலைகள் பிறந்தன. கைதிகள் லினோலியத் துண்டுகளில் உருவங்களைச் செதுக்கி, கிடைத்த மையைத் தடவிக் காகிதத்தில் ஒற்றினார்கள். வெளியே தலைமறைவு அச்சகங்கள் அதையே பெரிய அளவில் செய்தன. ‘சாலிடாரிட்டி அஞ்சல்’ என்ற பெயருடன், விலை மதிப்போடு, ஓரங்களில் பல்லும் வைத்து வந்த அத்தலைகளால் அரசின் அஞ்சலில் ஒரு கடிதத்தையும் அனுப்ப முடியாது. மக்கள் அவற்றைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காசு இயக்கத்துக்கும் சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் போனது. வைத்திருந்து பிடிபட்டால் தொல்லைதான்.

அவற்றில் இருந்தவர்கள் யார்? கத்தீனில் இறந்தவர்கள். சோவியத் படையை 1920இல் வார்சாவின் வாசலில் தடுத்த பில்சுத்ஸ்கி. 1984 அக்டோபரில் பாதுகாப்புப் பிரிவினர் கொன்ற பாதிரியார் பொப்பியெவூஸ்கோ. அவர்களோடு, அரசே முன்பு அச்சிட்ட அதே போப்பாண்டவர். ஆள் மாறவில்லை, அண்டைவீட்டுக்காரர்கள் மாறிவிட்டார்கள். கத்தீனுக்கும் பொப்பியெவூஸ்கோவுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கும்போது அந்த முகத்துக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. செய்யுளில் ஒரு சொல் பக்கத்துச் சொல்லால் பொருள் மாறுவதை வகுப்பில் நாள்தோறும் விளக்குகிறேன். படத்துக்கும் அது பொருந்தும்.

வத்திக்கானும் ஓர் அரசுதான். அதற்கும் தபால் தலை உண்டு. 1852இல் திருச்சபை நாடுகள் வெளியிட்ட முதல் தலைகளில் அன்றைய போப் ஒன்பதாம் பயஸின் முகம் இல்லை, சாவிகளும் மணிமுடியுமே. 1929இல் வத்திக்கான் தனி நாடானபோது பதினோராம் பயஸ் தன் முகத்தோடு தோன்றினார். அதன்பின் முகங்களுக்குக் குறைவில்லை. முதலாம் யோவான் பவுல் முப்பத்து மூன்று நாளே பதவியில் இருந்தார். அவர் தலை வெளியானபோது அவர் இல்லை. அவ்வாண்டு வத்திக்கான் ‘ஆசனம் காலி’ என்னும் தலைகளை இருமுறை வெளியிட நேர்ந்தது. ஒரு போப் மறைந்து அடுத்தவர் வரும்வரையிலான இடைவெளிக்கு உரியவை அவை. திறந்த குடையும் அதன் கீழ் குறுக்கிட்ட சாவிகளும் அவற்றில் இருக்கும். 2005 ஏப்ரலில் இரண்டாம் யோவான் பவுல் மறைந்தபோதும், 2025இல் பிரான்சிஸ் மறைந்தபோதும் அதே குடை வந்தது. வத்திக்கான் தலைகளில் என்னைக் கவர்வன இவைதாம். மற்றவை பெரும்பாலும் பக்தி ஓவியங்கள். அழகானவை, பளபளப்பானவை, எதையும் பணயம் வைக்காதவை.

இலக்கிய வாசகனாக எனக்கு ஒரு குறை. கரோல் வொய்த்திவா 1938இல் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது இறையியல் படிக்க அன்று, தன் தாய்மொழியின் இலக்கியம் படிக்க. ஓராண்டில் நாஜிகள் பல்கலைக்கழகத்தை மூடிப் பேராசிரியர்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் கல் குவாரியில் உடலுழைப்பு செய்தார். மாலையில் நண்பர்களோடு வீட்டு அறைகளில் இரகசியமாக நாடகம் நடத்தினார். ஒப்பனையும் திரைச்சீலையும் அற்ற, சொல்லை மட்டுமே நம்பிய நாடகம். பிற்காலத்தில் அந்திரெய் யாவியென் என்ற புனைபெயரில் கவிதைகள் வெளியிட்டார். நான் பார்த்த தலைகளில் வெள்ளை அங்கி அணிந்த முதியவரும் உண்டு, உயர்த்திய கையும் உண்டு. இந்த இளைஞனைக் காணவில்லை. ஆனால் அந்த இரகசிய நாடகத்துக்கும் முகாமில் செதுக்கிய லினோலியத்துக்கும் உறவு தெரிகிறது. இரண்டும், அரசு பேசவிடாத இடத்தில் கையில் கிடைத்ததை வைத்துப் பேசியவை.

1989 ஏப்ரலில் சாலிடாரிட்டி மீண்டும் சட்டபூர்வமானது. ஜூனில் தேர்தல். தலைமறைவு அஞ்சலுக்கு இனி வேலையில்லை. இன்று அத்தலைகள் சேகரிப்பாளர்களின் ஏலங்களில் விற்பனையாகின்றன. அரசு வெளியிட்டவை அல்லவாதலால் வழக்கமான அட்டவணைகள் அவற்றைத் தபால் தலையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் ஆல்பத்தில் 1979இன் அரசுத் தலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அவற்றில் ஒன்றை வைத்திருக்கிறேன். அச்சு சற்றே விலகியிருக்கிறது. ஒரு கன்னத்தில் மை கூடுதலாகப் படிந்திருக்கிறது.