அம்மாவின் பதினொரு மணிப் பசி

பத்தாம் வகுப்பு அறிவியலில் நீரிழிவு நோயின் அறிகுறிகளை முப்பது வருடம் நடத்தியவள் நான். அடிக்கடி சிறுநீர் கழிப்பது, அடங்காத தாகம், அடிக்கடி பசி. பசிக்குப் பாலிபேஜியா என்று பெயர். ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஆகும். அந்தப் பசி என் வீட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்கு நான் வைத்த பெயர் நாக்கு ருசி.

அப்பா போன பிறகு, கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா என்னோடு வந்துவிட்டார். அப்போது அவருக்கு 77 வயது. பத்து வருடத்துச் சர்க்கரை. நான் ஓய்வு பெற்றிருந்தேன். அம்மாவின் சாப்பாட்டை இனி நானே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். காலை இட்லியை நிறுத்தி ராகிக் கஞ்சி வைத்தேன். மாவை இரண்டு முறை சலித்து, கட்டியில்லாமல் கரைத்து, பசை மாதிரி ஆகும்வரை காய்ச்சுவேன். மதியம் குழைய வடித்த சோறு கொஞ்சம், ரசம். ராத்திரி மறுபடி கஞ்சி. வயசான உடம்பு, எதுவும் லேசாகச் செரிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எட்டு மணிக்குக் கஞ்சி குடித்தவர் பதினொரு மணிக்கு வந்து நிற்பார். "அம்மிணி, பசிக்குது. ஏதாச்சும் இருந்தாக் குடு."

"இப்பத்தான ஒரு சொம்பு கஞ்சி குடிச்சீங்க? நாக்கைக் கொஞ்சம் கட்டுங்கம்மா."

இதை ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருடம் சொன்னேன். கொள்ளுப் பருப்புக் கடைந்து தரச் சொல்லிப் பலமுறை கேட்டார். செரிக்காது என்று மறுத்துவிட்டேன். ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி 9.4 வந்தபோது, அம்மா எனக்குத் தெரியாமல் தின்கிறார் என்று உறுதியாக நம்பினேன். பலகாரச் சம்படத்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு நாள் அவர் முந்தானையில் ஒரு முடிச்சு தெரிந்தது. என் அக்கா மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அவிழ்க்கச் சொன்னேன். உள்ளே ஒரு பிடி பொட்டுக்கடலை. வாங்கிக் குப்பையில் போட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையை உதறிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது. ஆனால் காலை வெறும் வயிற்றில் மட்டும்தான் பார்ப்பேன். 130 பக்கம் வரும், எனக்குத் திருப்தி. சாப்பிட்ட பிறகு ஒரு நாளும் பார்த்ததில்லை. கடைசியில் பார்த்ததும் அம்மாவைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான். மணிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்தால் திருட்டுத் தீனி தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, அன்று முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வெறும் வயிற்றில் 132. எட்டு மணிக்குக் கஞ்சி. ஒன்பது மணிக்கு 254. பத்துக்கு 231. பதினொன்றுக்கு 148. அதற்குள் அம்மா முகம் வாடி, கை லேசாக நடுங்கியது. "பசிக்குது" என்றார். என் கையால் கொடுத்த கஞ்சியைத் தவிர ஒரு பருக்கைகூட அவர் வாயில் போயிருக்கவில்லை.

அதன் பிறகுதான் படித்தேன். முப்பது வருட ஆசிரியைக்கு அது தாமதம்.

1981-ல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவர் குழுவினரும் 62 உணவுகளைச் சோதித்து, கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். 50 கிராம் மாவுச்சத்து இருக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்குவதை அளக்கிறார்கள். வெறும் குளுக்கோஸ் கொடுத்தால் ஏறுவதை 100 என்று வைத்து அதோடு ஒப்பிடுகிறார்கள். 55-ம் அதற்குக் கீழும் குறைவு. 70-ம் அதற்கு மேலும் அதிகம். பருப்பும் பயறும் கீழே இருக்கின்றன. ஒரே தானியத்துக்கு ஒரே எண் இல்லை என்பதை நான் யோசித்ததே இல்லை. முழுசாக வேகவைத்தால் ஒன்று, அரைத்துக் கூழாக்கினால் வேறொன்று. மாவு பொடியாகப் பொடியாக, வெந்து குழையக் குழைய, நொதிகள் அதை வெட்ட நேரமே எடுப்பதில்லை. வயிறு செய்ய வேண்டிய வேலையை நான் சல்லடையிலும் அடுப்பிலும் முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

1999-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் டேவிட் லுட்விக் என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை நிலைகுலைய வைத்தது. உடல் பருமனான 12 பையன்களுக்குக் காலையும் மதியமும் ஓட்ஸ் கொடுத்தார்கள். ஒரு நாள் பொடித்துப் பக்குவப்படுத்திய உடனடி ஓட்ஸ். இன்னொரு நாள் அதே ஓட்ஸை உடைத்த வடிவில். கலோரி இரண்டிலும் ஒன்றுதான். மதியத்துக்குப் பிறகு ஐந்து மணி நேரம் வேண்டியதைத் தின்ன விட்டார்கள். உடனடி ஓட்ஸ் சாப்பிட்ட நாளில் பையன்கள் 53 சதவீதம் கூடுதலாகத் தின்றார்கள். அவர்களுக்கும் நாக்கைக் கட்டத் தெரியவில்லை என்று நான் சொல்லியிருப்பேனோ?

சர்க்கரை வேகமாக ஏறினால் இன்சுலினும் அதற்குத் தக்கபடி பாயும்; பிறகு சர்க்கரை சரசரவென்று இறங்கும்; அந்த இறக்கத்தில் பசி எழும். அம்மாவின் பசிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை ரத்தத்திலேயே தங்கி உயிரணுவுக்குள் போகாவிட்டாலும் பசிக்கும். அவர் போடும் மாத்திரையும் இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான். கிளைசெமிக் இண்டெக்ஸ் எண்ணை மட்டும் வைத்துப் பசியைக் கணக்கிட முடியாது என்பதும் உண்மை. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒப்பிட்டபோது அதிகம் வயிறு நிரப்பியது வேகவைத்த உருளைக்கிழங்கு; அதன் கிளைசெமிக் இண்டெக்ஸோ உயரத்தில் இருக்கிறது. ஆனால் என் கஞ்சி சர்க்கரையையும் ஏற்றியது, வயிற்றையும் தாங்கவில்லை.

டாக்டரிடம் அந்த எண்களைக் காட்டி, மாத்திரை அளவைக் கேட்டுக்கொண்டு சமையலை மாற்றினேன். காலையில் முழுப் பச்சைப்பயறு அடை, கூட ஒரு முட்டை. மதியம் முதலில் பொரியலும் கீரையும், பிறகு குழையாத சோறு ஒரு கரண்டி, மேலே கொள்ளுப் பருப்பு. செரிக்க நேரமாகும் என்று நான் மறுத்த அதே பருப்பு. நேரமாவதுதான் அதன் குணம். இளமையில் தாங்கள் களியை வெறுமனே தின்றதில்லை, கொள்ளும் கீரையும் இல்லாமல் வட்டிலில் களி விழாது என்று அம்மா அப்போதுதான் சொன்னார். அதற்கு முன்பும் சொல்லியிருப்பார். நான் கேட்டிருக்க மாட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 7.6. பதினொரு மணிக்கு அம்மா வருவதில்லை. பீரோவைப் பூட்டுவதில்லை, பொட்டுக்கடலைச் சம்படம் அவர் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. அக்கா மகளை வரவழைத்து, அவள் முன்னால் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடு அம்மிணி, நல்லதுக்குத்தான செஞ்ச" என்றார்.

உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர் பசிக்கிறது என்றால், திட்டுவதற்கு முன் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை விரலைக் குத்திப் பாருங்கள். என் அம்மா இப்போதும் சோற்றுக்கு உட்கார்ந்தால், இன்னொரு கரண்டி கேட்பதற்கு முன் என் முகத்தைத்தான் பார்க்கிறார்.