நீரின் வலிமை

ஓர் அணைக்கட்டை அதன் உயரத்தைக் கொண்டு அளப்பவர் பலர். கடைசி வாய்க்காலின் கடைசி வயலில் நின்று அளப்பவர் மிகச் சிலரே. மட்டக்களப்பு வாவியின் தென்கோடிக் கிராமங்களில் வாழ்வோர்க்கு இரண்டாவது அளவுகோலே பழக்கமானது.

பட்டிப்பளையாறு பெரிய ஆறன்று. சிங்களத்தில் அதனைக் கல்லோயா என்பர். 1949இல் இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமான மொரிசன் நுட்சன் அணை எழுப்பத் தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் பிறந்தது. அணையடியில் நீர்மின் நிலையமும் அமைந்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 11 மெகாவாட். நாட்டின் இன்றைய தேவைக்கு அது சிறுதுளியே. வயலுக்குத் திறக்கப்படும் நீரே சுழலிகளையும் சுழற்றுகிறது. ஆகவே அங்கே மின்சாரம் வேளாண்மையின் காலக்கணக்கையே பின்பற்றுகிறது.

வகுப்பில் ஒரு கமக்காரரின் மகன் என்னைக் கேட்டான்: “சேர், கரண்ட் எடுத்த தண்ணியில பிறகு சத்து இருக்குமா?” சுழலி கொள்வது விழுநீரின் வேகத்தை மட்டுமே, பயிருக்கு வேண்டிய எதுவும் குறைவதில்லை என்று விளக்கினேன். அவன் ஏற்றுக்கொண்டான். ஆனால் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அணையிலிருந்து வயல்வரை வரும் வழியில் அந்த நீர் இழந்தது ஒன்றுமே இல்லையா?

உண்டு. குடியேற்றத்தோடு இனப்பகையும் வளர்க்கப்பட்டது. தனிச்சிங்களச் சட்டம் கொண்டுவரப்பட்ட 1956 யூன் மாதத்தில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1961இல் இப்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளும், கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகளும் இருந்தனர். தலைப்பில் நீர் மிஞ்சியது; கடையில் நிலம் வெடித்தது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1981இல், குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த வேளையில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் மேற்கொண்ட திட்டத்தின்கீழ் இளம் அமைப்பாளர்கள் வாய்க்கால்தோறும் சென்றனர். விவசாயிகள் ஒன்றுகூடினர், வாய்க்கால்களைத் தாமே துப்புரவாக்கினர், முறைவைத்து நீர் பாய்ச்சினர். மேலிருந்த சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய நீர் கீழேயிருந்த தமிழரின் வயல்களுக்கு வந்தது. நாட்டில் இனவன்செயல் மூண்ட அதே ஆண்டில்தான் இது நிகழ்ந்தது. அறிஞர் நோர்மன் அப்ஹொஃப் இதனைப் பின்னர் நூலாகவே எழுதினார்.

பின்வந்த போர் அந்நம்பிக்கையின் பெரும்பகுதியை விழுங்கியது உண்மையே. எனினும் 1956ஐ மறவாத நாம் 1981ஐ மறப்பது நியாயமா? பகையை மேலிருந்து விதைக்க முடிந்தது. பங்கீட்டையோ வாய்க்கால் வரம்பில் நின்ற உழைப்பாளரே கற்றுத்தந்தனர். அணைகளின் உயரத்தை மனனஞ்செய்யும் நம் மாணவர்க்கு இந்தப் பாடத்தையும் நாம் சொல்லியாக வேண்டும்.