அடுத்த வருசக் கால்

என் கால் 26.5 சென்டிமீட்டர். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 28 வயதாக வேண்டியிருந்தது. ஹொக்காய்டோ வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அதுவரை யார் கேட்டாலும் ‘ஒன்பது’ என்றுதான் சொல்வேன். கடையில் எட்டு கச்சிதமாக இருக்கும். நாலு அடி நடந்து பார்ப்பேன், நன்றாகத்தான் இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்பதை எடுத்துக்கொண்டு காசு கட்டப் போவேன்.

ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். டிசம்பர் விடுமுறையில் அம்மா எங்களைப் பசார் மாலாமுக்குக் கூட்டிப்போவார். வெள்ளைப் பள்ளிச் சப்பாத்தைப் போட்டு நிற்கவைத்து, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் உள்ளே அமுங்க வேண்டும். “வளர்ற புள்ள, அடுத்த வருசமும் போடணும்ல.” ஜனவரியில் முனையில் நாளிதழைச் சுருட்டி வைத்து, இரண்டு ஸ்டோக்கின் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவேன். கால் சப்பாத்துக்குச் சரியாக வந்துசேரும் நேரத்தில் சப்பாத்து கிழிந்திருக்கும். இந்த வருசக் காலுக்கு நான் சப்பாத்து போட்டதே இல்லை. எப்போதும் அடுத்த வருசக் காலுக்குத்தான்.

கால் வளர்வது நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்கூடாயில் மெக்கானிக்கல் படித்து, வேலைக்கு வந்து, சம்பளம் வாங்கி, சொந்தமாகக் காடியும் ஓட்டுகிறேன். கை மட்டும் ஒன்பதையே எடுத்தது.

போன பிப்ரவரியில் பல்கலைக்கழக நண்பர்கள் இருவரோடு சப்போரோ போனேன். பனியைப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் திட்டம். பார்த்ததும் ஸ்கீ பண்ணிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. நகரத்துக்குப் பக்கத்திலேயே தெய்னே மலை இருக்கிறது. 1972 குளிர்கால ஒலிம்பிக்கில் சில பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த இடம். மேலே நின்றால் இஷிகாரி வளைகுடா தெரியும். ஒலிம்பிக் மலையில் சரிவே இல்லாத மூலையாகப் பார்த்து நாங்கள் இறங்கினோம்.

வாடகைக் கடையில் ஒரு தாள் கொடுத்தார்கள். உயரம், எடை, கால் அளவு. ஸ்கீ பூட்ஸுக்கு உலகம் முழுக்க ஒரே அளவுமுறைதான். பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். பெயர் மொண்டோபாயிண்ட். எட்டு, ஒன்பது என்ற கதையெல்லாம் கிடையாது. நான் யோசிக்காமல் 28 என்று எழுதினேன். உள்ளே ஒரு பருத்தி ஸ்டோக்கின், அதன் மேல் குளிருக்கென்று வாங்கிய தடித்த ஸ்டோக்கின் இன்னொன்று. கால் சொகுசாக உள்ளே போனது. மெத்தையில் வைத்ததுபோல இருந்தது.

அந்தச் சொகுசு பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. சரிவில் இறங்கும்போது கால் முன்னால் வழுக்கிப்போய் விரல்கள் முனையில் இடித்தன. பெரிய பூட்ஸில் விரல் இடிக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? குதிகால் உள்ளே எழும்பி எழும்பி விழுந்தது. நான் காலைச் சாய்த்தால் பூட்ஸ் சாயவில்லை. பூட்ஸ் சாயாமல் ஸ்கீ திரும்பாது. ஆகவே கொக்கிகளை இன்னும் இறுக்கினேன். இப்போது பாதத்தின் மேல்பகுதி நசுங்கியது, விரல்கள் மரத்தன. வியர்வையில் நனைந்த பருத்தி ஐஸ்போல ஆனது. மதியம் கழற்றியபோது வலது பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். கடையில் ஒரு பெரியவர் இருந்தார். கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். என் நகத்தைப் பார்த்தார், இரண்டு ஸ்டோக்கினையும் பார்த்தார். சிரிக்கவில்லை. ஓர் அளவுப் பலகையைக் கீழே வைத்து, நிற்கச் சொன்னார். அப்போதுதான் அந்த 26.5.

பிறகு அவர் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. சின்ன பூட்ஸ் ஒன்றை எடுத்து, உள்ளே இருக்கும் மெத்தைப் பகுதியை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் என் காலை வைக்கச் சொன்னார். விரல்கள் முன்னால் லேசாகத் தொட வேண்டும். பின்னால் குதிகாலுக்கும் ஓட்டுக்கும் நடுவே அவர் விரல்களை விட்டுப் பார்த்தார். இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி. தலையை ஆட்டினார். ஸ்டோக்கின் ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால் வரை வருவது, மெரினோ கம்பளி கலந்தது. சுருக்கமே இல்லாமல் இழுத்துவிடச் சொன்னார். உள்ளே போட்டிருந்த நீளக் காற்சட்டையின் நுனியையும் பூட்ஸுக்கு வெளியே எடுத்துவிட்டார். காலுக்கும் பூட்ஸுக்கும் நடுவே அந்த ஒரு துணிதான் இருக்கலாம்.

“இது மெல்லிசா இருக்கே, குளிராதா?” என்றேன்.

தடித்த துணி காலை நெருக்கும், நெருக்கினால் ரத்தம் வராது, ரத்தம் வராவிட்டால்தான் குளிரும் என்றார். காலைச் சூடாக வைத்திருப்பது ஸ்டோக்கின் இல்லை, ரத்தம்.

குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைத்து, கணுக்கால் பக்கத்துக் கொக்கிகளை முதலில் போட்டார். முன்பாதக் கொக்கிகளை மாட்டிவிட்டதோடு சரி, இறுக்கவில்லை. நிமிர்ந்து நின்றபோது விரல்கள் முனையைத் தொட்டன. பயந்துவிட்டேன். முழங்காலை முன்னால் மடக்கச் சொன்னார். மடக்கியதும் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்தது, விரல்கள் முனையை விட்டு விலகின. ஸ்கீ பூட்ஸ் நிமிர்ந்து நிற்பதற்குச் செய்தது இல்லை, மடக்கி நிற்பதற்குச் செய்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் வேலையே இதுதான். தண்டின்மேல் பேரிங் ஏற்றும்போது எவ்வளவு இறுக்கம் என்று மைக்ரானில் கணக்குப் போடுகிறவன் நான். தளர்வாக விட்டால் உள்வளையம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, தண்டையே தேய்த்துவிடும். இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியும். என் காலுக்கு என்று வரும்போது அம்மாவின் கட்டைவிரல்தான் கணக்கு.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. வருடத்துக்கு இரண்டு சப்பாத்து வாங்க வெள்ளி இல்லாத வீட்டில் அதுதான் சரியான பொறியியல். கால் வளர்வது நின்ற பிறகும் அந்தக் கணக்கை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர் கடைசியாக மண்டியிட்டு, பூட்ஸை ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே கேட்டார்: “இங்கே இடிக்கிறதா? இங்கே? இங்கே?” ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும் அவருக்கு. நான் சும்மா “ஓகே ஓகே” என்றபோது விடவில்லை. கால் சொல்வதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், அவருக்குக் கேட்காது.

அந்த இடத்தில் அப்பா நினைவு வந்துவிட்டார்.

அப்பா தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டியவர். இரும்பு முனை வைத்த சேஃப்டி பூட்ஸ். அவரும் ஒரு சைஸ் பெரிதுதான், இரண்டு ஸ்டோக்கின்தான். இனிப்புநீர் வந்து பதினைந்து வருடம். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒருநாள் ஸ்டோக்கினைக் கழற்றும்போது அம்மாதான் ரத்தத்தைப் பார்த்தார். உள்ளே துணி மடிந்து, அந்த மடிப்பு நாள்கணக்கில் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை. கிளினிக்கில் டாக்டர் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, தொட்டால் சொல்லுங்கள் என்றார். கண்ணை மூடியிருந்த அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “இன்னும் ஆரம்பிக்கலயா?” என்று கேட்டார். இடது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

அன்று மதியத்துக்கு மேல் நான் மூன்று முறை திரும்பினேன். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. பிறகு விழுந்தேன். நகம் வலித்துக்கொண்டேதான் இருந்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, அப்பாவை ஏ4 தாளின்மேல் நிற்கவைத்துக் கோடு போட்டேன். அவருக்கு வேண்டியது ஸ்கீ பூட்ஸின் இறுக்கம் இல்லை. முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம், உள்ளே தையல் உறுத்தாத சப்பாத்து, மேலே இறுக்காத ஸ்டோக்கின். ஸ்டோக்கின் வெள்ளையாக இருக்க வேண்டும், ரத்தம் பட்டால் உடனே தெரிவதற்கு. அகலத்தையும் அளந்துகொண்டு போய் வாங்கினேன்.

போட்டுவிட்டு, மண்டியிட்டு ஒவ்வொரு இடமாகத் தட்டிக் கேட்டேன். “இங்க இடிக்குதாப்பா? இங்க?”

“தெரியலடா.”

கழற்றி, என் கையை உள்ளே விட்டு மூலைமூலையாகத் தடவிப் பார்த்தேன். தினமும் போடுவதற்கு முன்னால் இப்படிப் பார்க்கும்படி அம்மாவிடமும் சொன்னேன். அம்மா சப்பாத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பழக்கம் விடவில்லை, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“ஒரு சைஸ் பெருசா எடுத்திருக்கலாம்ல?” என்றார்.