50 ஹெர்ட்ஸ் ஊரில் ஹம்பக்கர்

ஐம்பதுகளின் ஹம்பக்கர் ஒலியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் காந்தத்தில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆல்னிகோ 2 நல்லதா, 5 நல்லதா என்று மணிக்கணக்கில் ஓடும். தெற்குக் கேரளத்தின் கள்ளிக்காட்டில் கிட்டார் வாசிக்கிற எனக்கு மின்சாரத்திலிருந்து தொடங்கத் தோன்றுகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் ஜி சுரத்துக்குப் பக்கத்தில் விழுகின்றன. கிட்டாரின் ஆறாவது தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தினால் வருவது 98 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்துக்கொண்டு ஜி-யில் ஒரு கீர்த்தனை எடுத்துப் பாருங்கள். பாட்டுக்கு அடியில், சுருதியைவிடச் சற்றே கூடி, ஹம் ஓடிக்கொண்டே இருக்கும். பாறசாலை முதல் நெய்யாறு அணைவரை எங்கள் பக்கத்துச் சபைகளில் தமிழ்க் கீர்த்தனையும் மலையாளப் பாட்டும் ஒரே ஆராதனையில் வரும். எந்த மொழியில் பாடினாலும் இரண்டு அடிகளுக்கு நடுவே அமைதி வேண்டும். பழைய டியூப் லைட்டின் சோக்கும், மின்விசிறி ரெகுலேட்டரும், சுவரோரம் ஓடும் வயரும் அந்த அமைதியை விட்டுவைப்பதில்லை.

ஹம்பக்கர் பிறந்ததே இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். அமெரிக்காவில் காலமசூ ஊரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையில் வேலை பார்த்த செத் லவர், ஆம்ப்ளிஃபயருக்குள் ஹம்மைக் குறைக்க வைக்கும் சோக்கைப் பார்த்து, அதே ஏற்பாட்டைப் பிக்கப்புக்குக் கொண்டுவந்தார். சுருள் இரண்டு. ஒன்றில் கம்பி வலப்புறம் சுற்றினால் மற்றதில் இடப்புறம். காந்த முனையும் மாறியிருக்கும். வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. தந்தியின் அதிர்வில் சுற்றும் மாறி முனையும் மாறிவிடுவதால் அங்கே இரண்டும் கூடுகின்றன. எனக்கு இன்றும் வியப்பைத் தரும் எளிமை இது. 1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; கிடைத்தது 1959 ஜூலையில். அதற்குள், 1957-லேயே, லெஸ் பால் கிட்டார்களில் அந்த பிக்கப் ஏறிவிட்டது. காப்புரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாக, ‘பேட்டன்ட் அப்ளைடு ஃபார்’ என்று சொல்லும் ஒட்டுத்தாள் அடியில் இருந்ததால் அதற்குப் பிஏஎஃப் என்று பெயர் நிலைத்தது.

இன்று எல்லாரும் நகலெடுக்க விரும்புவது அந்த பிஏஎஃப்பைத்தான். ஆனால் பிஏஎஃப் ஒலி என்று ஒன்று கிடையாது. ஒரு சுருளுக்கு ஏறக்குறைய 5000 சுற்று, 42 கேஜ் இனாமல் கம்பி என்பது கணக்கு. சுற்றுகளைச் சரியாக எண்ணி நிறுத்தும் ஏற்பாடு ஆரம்பத்தில் சீராக இல்லாததால் ஒன்று நிறைந்தும் ஒன்று குறைந்தும் வந்தது. காந்தமும் அப்படித்தான்; கைக்குக் கிடைத்தபடி ஆல்னிகோ 2, 3, 4, 5 எல்லாம் போயிருக்கின்றன. ஓம் மீட்டரில் ஒன்று 7 கிலோ ஓம் காட்டும், இன்னொன்று 9-ஐத் தொடும். சுருள்கள் இரண்டும் சமமாக இல்லாதபோது ஹம் முழுக்க அழியாது. மேல்சுரங்களில் மட்டும் கொஞ்சம் கூர்மை கூடும். பலர் மயங்கிய ‘பழைய’ ஒலியில் பாதி அந்தக் கூர்மை என்பது என் எண்ணம்.

ஆகவே புது பிக்கப்புகளை ஒப்பிடும்போது, எது அசல் என்று நான் கேட்பதில்லை. எந்த பிஏஎஃப்பை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். கிப்சனின் 57 கிளாசிக்கில் ஆல்னிகோ 2, சமமான சுருள்கள், மெழுகில் தோய்த்தது. அது உருண்டையாக, அடக்கமாகப் பேசும். அவர்களுடைய பர்ஸ்ட்பக்கரில் சுருள்கள் வேண்டுமென்றே சமமில்லாமல் சுற்றப்பட்டவை, மெழுகும் இல்லை. விரல் அழுத்தம் மாறினால் உடனே தெரியும். சீமோர் டங்கன் செத் லவரையே கூட வைத்துச் செய்த பிக்கப்புக்கு அவர் பெயரே இருக்கிறது. ஆல்னிகோ 2, நிக்கல் சில்வர் மூடி, மெழுகில்லை. அதே கம்பெனியின் 59 ஆல்னிகோ 5. கீழ்ச்சுரம் இறுகி, மேல்சுரம் பளிச்சென்று வரும். மெழுகில்லாதவற்றை ஆம்புக்குப் பக்கத்தில் சத்தமாக வைத்தால் கூவத் தொடங்கும். சிறிய சபைக்குள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்று வாசிக்கிறவர்களுக்கு மெழுகுதான் நல்லது, ஒலியில் கொஞ்சம் போனாலும்.

ஓம் கணக்கை நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டிய பிக்கப், எங்கள் ஊர் மதியத்தின் 32 டிகிரியில் 8.4-ஐ நெருங்கும். சுருள் மாறவில்லை, ஒலியும் மாறவில்லை, மீட்டர் மட்டும் மாறியது. ஒலியை நிஜமாகத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு, சுருளின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து எழுப்பும் ஒத்ததிர்வுக்கு. 4.5 ஹென்றி சுருளோடு, மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள 5 மீட்டர் கேபிள் சேர்ந்தால், சுருளின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸையும் கூட்டி, அந்த உச்சி 3000 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். கேபிளை 10 மீட்டர் ஆக்கினால் 2300-க்குக் கீழே இறங்கிவிடும். காந்தத்தை மாற்றிக் கிடைக்கும் வித்தியாசத்தைவிட அது பெரிது. ஆம்ப் மேடையின் அந்தக் கோடியில், வாசிக்கிறவர் இந்தக் கோடியில் என்றால், விலை கொடுத்து வாங்கிய ஆல்னிகோ என்ன செய்யும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. “தம்பி, தந்தியிலிருந்து கை எடுக்காதீங்க, எடுத்தா சத்தம் வருது” என்பார் எங்கள் பக்கத்து மைக் செட் அண்ணன். கை எடுத்ததும் எழும் அந்தக் கரகரப்பு சுருள் பிடிக்கும் காந்த ஹம் இல்லை. நம் உடம்பும் சுற்றியுள்ள வயர்களும் சேர்ந்து கிட்டாருக்குள் கொண்டுவரும் மின்புலச் சத்தம். அதை ஹம்பக்கர் முழுக்கத் தீர்க்காது. கிட்டாருக்குள் செம்புத் தகடோ கவசப் பெயின்டோ வேண்டும். அதற்கு முன்னால் கட்டடத்துக்குச் சரியான எர்த் வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் ஆம்பைச் செருகி, ஒரு கையில் தந்தியும் உதட்டில் மைக்குமாக நிற்பது உயிரோடு விளையாடுவது. பிக்கப் வாங்கும் பணத்தில் முதல் பங்கு எலக்ட்ரீஷியனுக்குப் போகட்டும்.

கர்நாடக இசையின் கமகம் வாசிக்கிறவர்களுக்கு என் தேர்வு வேறு. பிரசன்னா கிட்டாரிலும், அவருக்கு முன்பே உ. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினிலும் காட்டிய வழி அது: தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த ஒரே நாதம் அணையாமல் நிற்கும்போது விரல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். காந்தத் தண்டு தந்திக்கு நேர் கீழே நிற்கும் ஒற்றைச் சுருளைவிட, காந்தம் சுருளுக்கு அடியில் படுத்திருக்கும் ஹம்பக்கரில் தந்தியின் மேல் இழுப்பு குறைவு. நெக் பக்கத்துக்கு ஆல்னிகோ 2 போட்டு, உயரத்தை நன்றாக இறக்கிவிடுங்கள். பிரிட்ஜ் பக்கத்துக்கு ஆல்னிகோ 5, கொஞ்சம் உயர்த்தி. இரண்டு பக்கத்துத் திருகுகளையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, அதே கீர்த்தனையின் அதே அடியை வாசித்துக் கேளுங்கள். கடையில் இன்னொரு பிக்கப் வாங்குவதற்கு முன் ஒரு மாலை முழுக்க இதற்குக் கொடுக்கலாம்.