எருக்கம்பூவுக்கு நாற்பது ஃப்ரேம்

மே மாத மத்தியானம் கதவு, ஜன்னலைச் சாத்தி மின்விசிறியையும் நிறுத்திவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "பூவுக்கு வேர்க்காதுடா, எனக்கு வேர்க்குது" என்று கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "அஞ்சே நிமிஷம்மா" என்பேன். ஒருநாளும் அஞ்சு நிமிஷத்தில் முடிந்ததில்லை.

சாப்பாட்டு மேசையில், ஒரு களிமண் உருண்டையில் செருகி நிற்கிறது எருக்கம்பூ. எதிரே ட்ரைபாட், அதன்மேல் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயில், 100 எம்எம் மேக்ரோ லென்ஸ். ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்களை ஒன்றாக ஒட்டும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது எருக்குதான். மல்லிகை கண்ணெதிரிலேயே துவளும். எருக்கு மெழுகில் வார்த்த மாதிரி இருக்கும். பிள்ளையாருக்குப் போட்ட மாலை மறுநாளும் விறைப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பூ அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் அளவுக்கு நெருங்கினால், எஃப்/5.6-இல் கூர்மையாக வருவது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. எருக்கின் நடுவே எழும் கிரீடமோ ஒரு சென்டிமீட்டர் வரும். எஃப்/22-க்கு மூடினால் சரியாகிவிடும் என்று நானும் ஒரு வருஷம் மூடிப் பார்த்தேன். அந்த நெருக்கத்தில் எஃப்/22 நடைமுறையில் எஃப்/44 ஆகிவிடுகிறது. சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவும். முழுப்பூவும் தெரியும், ஒரு விளிம்பாவது நறுக்கென்று இருக்காது.

ஆகவே எஃப்/5.6-இலேயே விட்டு, ரெயிலின் திருகை 0.4 மில்லிமீட்டர் அளவுக்குத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு கீற்றாக எடுக்க வேண்டியதுதான். 12 மில்லிமீட்டருக்கு முப்பது படம். முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து கூடுதல். பூ தொடங்கும் இடத்தைக் கண் எப்போதும் தப்பாகத்தான் கணிக்கிறது. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாம் மேனுவல். திருகைத் தொட்டதும் எல்லாமே லேசாக ஆடும். நாலு விநாடி பொறுத்துத்தான் க்ளிக். இப்போது சில கேமராக்கள் லென்ஸின் ஃபோகஸைத் தாமே நகர்த்தி வரிசையாக எடுத்துக் கொடுத்துவிடுகின்றன. நல்ல வசதிதான். எனக்கு என்னவோ திருகு பிடித்திருக்கிறது.

எந்தத் திருகாலும் பிடித்து நிறுத்த முடியாதது நேரம். ஸ்டாக் செய்த படம் ஒரு கணம் இல்லை, நாலு நிமிஷம். ஒருமுறை பூவை நிமிர்த்தும்போது இதழ் ஓரத்தில் நகம் பட்டுவிட்டது. கடுகளவு பால் துளிர்த்தது, பெரிதாக நினைக்கவில்லை. கணினியில் நாற்பதையும் ஒட்டிப் பார்த்தால், அந்த இடத்தில் வெங்காயத்தை வெட்டினது மாதிரி வட்டத்துக்குள் வட்டம். நான் எடுத்துக்கொண்டே இருக்க, அது வீங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. (எருக்கம்பால் பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். வ்யூஃபைண்டரில் கண் வைக்கும் ரப்பரில் ஒட்டினாலும் ஆபத்துதான்.)

ஒட்டுவதற்கு ஸெரீன் ஸ்டாக்கர் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு வழி. பிமேக்ஸ் மயிரிழைகளை விடாமல் பிடிக்கும், கூடவே இரைச்சலையும் ஏற்றிவிடும். தும்பைப் பூவின் மேலுதட்டில் வெள்ளைப் பஞ்சாக இருக்கிற ரோமத்துக்கு அதுதான் சரி. எருக்கின் மழமழப்புக்கு டிமேப். ஊதாவிலிருந்து வெளுப்புக்கு இறங்கும் நிறம் திட்டுத்திட்டாகாமல் வரும். கிரீடத்தின் முன்விளிம்பு மங்கலாக இருக்கும் படங்களில் அந்த மங்கல் பின்னால் இருப்பதன்மேல் படர்ந்து மூடும். ஒட்டிய படத்தில் அதுவே விளிம்பைச் சுற்றிப் புகைமாதிரி நிற்கும். அதைத் தனிப் படங்களிலிருந்து தூரிகையால் எடுத்துப் பூச வேண்டும். ஒரு மாலைப்பொழுது அதிலேயே போகும்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், கிரீடத்தின் உச்சியில் இருக்கும் ஐங்கோண மேடைக்காக. அதன் ஒவ்வொரு மூலையிலும் கருப்பாக ஒரு நுணுக்கக் கிளிப், அதில் தொங்கும் இரண்டு மகரந்தப் பைகள். மரத்தைத் துளைக்கும் கருவண்டு தேனுக்கு வந்து உட்காரும்போது காலில் கிளிப் மாட்டிக்கொள்ளும்; பையோடு அடுத்த பூவுக்குப் போய்விடும். வெறுங்கண்ணுக்கு அது ஒரு தூசி. எத்தனையோ வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு எருக்கமாலை வாங்கியிருக்கிறேன், அந்தக் கிளிப்பை முதன்முதலில் பார்த்தது இந்த மேசையில்தான்.

பார்த்த ஆசையில் ஆரம்பத்தில் நாற்பதையும் ஒட்டுவேன். முன்னிதழ், பின்னிதழ், காம்பு எல்லாம் ஒரே கூர்மையில், பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும். எது முன்னால், எது பின்னால் என்றே கண்ணுக்குப் பிடிபடாது. இப்போது மேடையின் பின்மூலை வந்ததும் நிறுத்திவிடுகிறேன். மீதிப் படங்களை அழிப்பதில்லை, ஒட்டுவதும் இல்லை. பின்னிதழ்கள் ஊதா மூட்டமாகக் கிடக்கட்டும்.

போன வாரம் ஒன்றை அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மூணு எறும்பு இருக்கே?"

"ஒண்ணுதாம்மா. நடந்து நடந்து நின்னிருக்கு."

"அதுக்கும் வேர்த்திருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டாள்.